நிறுத்திப் பார்த்த வாரங்கள்

எனக்குக் கசப்பு ஆகவே ஆகாது. இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பேன். அப்படிப்பட்ட ஆள் பாதி ஆயுசை ஒரு கசப்புச் செடியோடு கழித்ததில் என் மனைவிக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னை 'எலி டாக்டர்' என்றே சொல்லிவைத்திருந்தாள்.

உங்களிடம் இருக்கும் புகாரில் என் மைத்துனி 'விஷம்' என்று எழுதியிருக்கிறாள். அந்தச் சொல்லை நீங்கள் அடித்துவிடலாம். நான் யாருக்கும் விஷம் கொடுக்கவில்லை. மற்றபடி அவள் எழுதியிருப்பது பெரும்பாலும் சரிதான். அவளுக்குத் தெரியாததையும் நானே சொல்லிவிடுகிறேன். அந்த மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைத்தால் நல்லது.

அந்தச் செடியிலிருந்து எடுக்கும் மருந்தை மலேரியாவுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள். மலேரியாக் கிருமி நம் இரத்தத்தைத் தின்று வளர்வது. இரத்தத்தில் இரும்பு இருக்கிறது. மருந்து அந்த இரும்பைத் தொட்டதும் உடைந்து, கிருமியையும் சேர்த்து அழிக்கிறது. புற்றுநோய் அணுக்களும் இரும்புக்கு ஆலாய்ப் பறப்பவை. அப்படியானால் இந்த மருந்து அங்கேயும் வேலை செய்ய வேண்டுமே என்பதுதான் என் ஆராய்ச்சி. கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களை அது கொன்றது. எலிகளின் கட்டிகளும் சுருங்கின. நிபுணர் குழுவின் முன்னால் இதை விளக்கி முடித்தபோது, ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி, "எலிங்களுக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு" என்றார். மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சேரும்வரை எனக்குக் காது சுட்டது.

அந்த வருஷமே என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தது.

அறுவை மருத்துவர் நல்ல மனிதர். "சின்னக் கட்டிதாம்மா. எங்கயும் பரவல. இப்பவே எடுத்துட்டா தொல்லை விட்டுது" என்றார். அவளும் மனசைத் தேற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகப் பையில் துணிமணி அடுக்கிவிட்டாள். அந்தப் பையைப் பிரித்து, துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தது நான்தான். கத்தி எதற்கு, என் மருந்து இருக்கிறதே என்றேன். கத்தி என்றாலே அவளுக்குப் பயம்.

"எலிக்கு அப்புறம் நானா? சரி, பதவி உயர்வுதான்" என்று தோளால் இடித்தாள்.

அவள் என்னை நம்பினாள் என்பதோடு, என்னை நினைத்துப் பெருமைப்பட்டாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஊரில் காட்டப் போகிறோம் என்று மருத்துவரிடம் சொன்னேன். அறுவை வேண்டாமென்று மருத்துவரே சொல்லிவிட்டார் என்று மைத்துனியிடம் சொன்னேன். இரண்டும் பொய். வெட்டியெடுத்துவிட்ட கட்டியை வைத்துக்கொண்டு நான் எதை நிரூபிப்பது?

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து காப்ஸ்யூல்களை நானே நிரப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, ஆய்வுக்கூடத்தில் எலிக்கட்டியை அளக்கும் இடுக்கி அளவுகோலால் அவள் கட்டியை அளப்பேன். கட்டி சுருங்கியது. நான் அளவைச் சொன்னதும் அவள் எழுந்து, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அறை முழுக்க ஆடினாள். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்தது கல்யாணமான புதிதில்தான்.

அதன் பிறகு மருந்தை நிறுத்தினேன்.

எங்கள் வேலையில் இது வழக்கம். மருந்து கொடுத்துக் கட்டி சுருங்கினால் யாரும் வாயைத் திறந்து பாராட்ட மாட்டார்கள். தானாகவே சுருங்கியிருக்கலாம் என்பார்கள். நிறுத்த வேண்டும், வளர்கிறதா என்று பார்க்க வேண்டும், மறுபடி கொடுத்துச் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பெரியவர் மாதிரி ஆட்களின் வாயை அடைக்க முடியும். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயம் உடம்பில் வேலை செய்து முடிவைக் கெடுத்துவிடும். அதே காப்ஸ்யூலில் சோள மாவை நிரப்பிக் கொடுத்தேன்.

கட்டி வளர்ந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதது எனக்குக் கேட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான் நினைத்தபடியே நடக்கிறது என்பதில் ஒரு நிம்மதியும் இருந்தது. அதை உங்களிடம் மறைப்பானேன்?

மருந்தைத் திரும்பக் கொடுத்தபோது கொஞ்சம் சுருங்கியது.

"இந்த வாரம் ரொம்ப அழுத்துறீங்க. போன வாரம் பட்டும் படாம அளந்தீங்க" என்றாள்.

"எலிங்க இப்படியெல்லாம் குறை சொல்லாது" என்றேன். வலியோடு சிரித்தாள்.

ஒரு தடவை நடந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் இரண்டாம் முறையும் நிறுத்தினேன். அந்தச் சமயத்தில் அவளுக்கு முதுகில் வலி தொடங்கியது. கடையில் நிற்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தாளாம். மைத்துனி வந்து பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே அதே மருத்துவரிடம் அழைத்துப்போனாள். எலும்பிலும் ஈரலிலும் பரவிவிட்டது, இனி வெட்டிப் பயனில்லை என்று சொல்லியிருக்கிறார். கட்டி ஒரு நாளும் சுருங்கியிருக்க வாய்ப்பில்லை என்றும் சொன்னாராம். வாரா வாரம் அளந்தவன் நான். அவர் பார்த்தது இரண்டு தடவை.

"மாமா, அக்காவுக்கு என்னத்தைக் குடுத்தீங்க?" என்று மைத்துனி வாசலிலேயே நின்று கேட்டாள். மருந்து என்றேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்த நாளிலிருந்து அக்காவின் பக்கத்தை விட்டு அவள் நகரவில்லை.

கடைசி நாளில் மைத்துனி வலிமருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் காப்ஸ்யூலும் தண்ணீரும் கொண்டுபோனேன். என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல நடுவுல மருந்தை நிறுத்துனீங்கல்ல? எனக்குத் தெரியும். மருந்து இருக்குற வாரம் ஏப்பம் கசக்கும். இல்லாத வாரம் கசக்காது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்குத் தெரிந்திருந்தது என்றால் என் முடிவுகள் எல்லாமே கேள்விக்குரியவை. என் பக்கம் இருக்கும் ஒரே தவறு அதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா உங்க ஆராய்ச்சி கெட்டுடும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்களே திரும்பக் குடுத்துடுவீங்கன்னு..." மூச்சு வாங்கியது. "கோவமெல்லாம் இல்லைங்க. இன்னைக்கு மட்டும் நெஜமானதைக் குடுங்க."

"நெஜமானதுதான், போட்டுக்கோ" என்றேன்.

அது சோள மாவு. நிறுத்திவைத்த காலம் இன்னும் முடியவில்லை. பாதியில் கொடுத்திருந்தால் அதுவரை அவள் பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும்.

விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பாத்தீங்களா, வலி விடுது. உங்க மருந்து நல்லாவே கேக்குதுங்க" என்றாள். மைத்துனி திரும்பி வருவதற்குள் அவள் உயிர் போய்விட்டது.

அவள் சொன்ன அதை மட்டும் நான் முடிவுகளில் சேர்க்கவில்லை. வலியில் இருப்பவர்கள் சொல்வதை நாங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.