ஆறிய காபியின் அரசிக்கு

டான்யூப் நதிக்கரை ரூசே நகரின் பேச்சாய்வு நிலையத்துப் பெருமாட்டியே! பொறுமையின் பொற்கலமே! பிறர் தொடங்கிய சொல்லைத் தாம் முடித்துவைக்காத பேரறமே! டாக்டர் நெவேனா கலீட்சோவா அம்மையே, தங்கள் பணிநிறைவு விருந்தில் எங்கள் வணக்கம்!

திக்குவோர் எத்தனை முறை திக்கினர் என்று உலகம் எண்ணிக்கொண்டிருக்க, திக்கும் கணத்தில் நெஞ்சுக்குள் என்ன நிகழ்கிறது என்று கேட்டு, கேட்டபின் வாய்மூடி, முப்பதாண்டு காத்திருந்தீர்கள். ஒருவர் தம் முதற்சொல்லைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் தங்கள் தொப்பியில் செங்கால் நாரை கூடுகட்டிக் குஞ்சு பொரித்து ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்ததும், கூடு கலையுமென்று தாங்கள் தலையசைக்காததும் நாங்கள் கண்ணாரக் கண்டவை.

படகுத்துறையில் சீட்டு விற்பவர் ஒருவர் பேட்டிக்கு வந்தார். சொந்தப் பெயரைச் சொல்வதுதான் அவருக்குப் பெரும்பாடு. நிலையம் சிக்கனம் கருதி வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியோ, குரல் கேட்டால் ஓடும். மௌனம் வந்தால் நின்றுவிடும். போட்டுக் கேட்டால் தடையே இல்லாத தெள்ளிய நீரோட்டம்! நாங்கள் கைதட்டினோம். அவர் முகம் வாடியது.

"யாரு டாக்டரம்மா இது, ரேடியோக்காரனா? என் பேரச் சொல்ல நான் பட்ட பாடெல்லாம் எங்க போச்சு?"

இதை அவர் கேட்டு முடிப்பதற்குள் நதியில் பனி இறங்கி ஏறிவிட்டது.

"மிஷின் முழுங்கிடுச்சு. திரும்பவும் உக்காந்து பேசுவோமா?" என்றீர்கள் தாங்கள்.

"உங்க காபி ஆறிப்போயிடுமே!"

"ஆறட்டும்யா. சூடா குடிச்சு எவ ராஜ்யம் ஆண்டா?"

வேறு கருவியில் எடுத்த அந்தப் பதிவில் அவர் பெயருக்கு முன்னால் நெடியதொரு மௌனம். அதற்குள் நீர்ப்பறவை கத்தும், படகு ஊதும், மறுகரை ருமேனியாவில் யாரோ கதவு சாத்துவார். மழைநாட்களில் அதைக் கேட்டபடியே நாங்கள் கண்ணயர்ந்ததுண்டு. பதிவு முடிந்ததும், அந்த மௌனத்தின்போது உள்ளே எப்படியிருந்தது என்று அவரிடம் வினவினீர்கள்.

"பேரு வாசல்லயே நிக்குது, டாக்டரம்மா. எல்லாரும் அதப் பிடிச்சு வெளிய தள்ளப் பாக்குறாங்க. நீங்கதான் அதுக்கு நாற்காலி போட்டீங்க."

தாயே! இம்மடலை இப்போது வாசித்துக்கொண்டிருப்பவர் அவரேதான். கேட்டு வாங்கிய பொறுப்பு. "வேற யாராச்சும் படிச்சா விருந்து ஆறாதே," என்றார் நம் இயக்குநர். "இத்தன பேரு முன்னால என் பேர நானே சொல்லணும் சார்," என்றார் இவர். ஆகவே அப்பெயரை நாங்கள் இதில் எழுதவில்லை.

புறப்படுவோரை வாழ்த்தும் இவ்வூர் வழக்கப்படி வாசற்படியில் நீர் ஊற்றி வைத்திருக்கிறோம். அந்நீர்போல் தங்கள் வழி தங்குதடையின்றி ஓடுக! தடை வந்தாலோ, தங்களுக்காகக் காத்திருக்க ஒருவர் வாய்க்க! நோயின்றி, நூறும் கடந்து, ஆறிய காபி பருகி வாழ்க!

சபையோரே, இனி அவர் தம் பெயரைச் சொல்வார்; யாரும் சொல் எடுத்துக்கொடுக்க வேண்டாம். கரண்டிகளைக் கீழே வையுங்கள்.

இப்படிக்கு,
காத்திருக்கக் கற்ற நிலையத்தார்

வாசித்தவர்: