இறப்புப் பக்கத்தில் அக்கா

பழைய மரப்பெட்டியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, ஐயா. உங்கள் காவலர் நேற்று துடைத்துவிட்டார். கைரேகை போனால் போகட்டும், மெருகு போய்விட்டதே. தேன்மெழுகு தொட்டுக் காய்ந்த துணியால் தேய்க்க வேண்டும். முப்பது வருஷமாகத் தேய்க்கிறேன்.

குடும்ப வேதப்புத்தகத்துக்காக என் பாட்டனாரின் அப்பா செய்வித்த பெட்டி அது. புத்தகத்தின் முன்பக்கங்களில் ஆறு தலைமுறையின் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் இருக்கின்றன. எழுதுவது நான்தான். மற்றவர்கள் எழுதினால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். என் எழுத்தில் ஒரு அடித்தல் காட்டுங்கள், காதை அறுத்துக்கொள்கிறேன்.

அக்காவுக்குக் காய்ச்சல் முற்றி நினைவு தப்பியது. வியாழன் காலை டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். "சாயங்காலம் தாண்டாதுங்க. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். பெரிய படிப்பு படித்தவர், நம்பினேன். அழுதேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். துக்கம் கேட்க ஆட்கள் வந்துவிட்டால் நிதானமாக எழுத முடியுமா? இறப்புப் பக்கத்தில் அக்காவின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதினேன். எழுத்து முத்து முத்தாக வந்தது.

மூன்று மணிக்கு அக்கா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள். சாவுக்கே டிமிக்கி கொடுத்துவிட்டாள். குடித்துவிட்டு, "பேத்தி பொறந்ததை எழுதிட்டியாடா? பெட்டியைக் கொண்டா, பார்க்கணும்" என்றாள்.

சாவியைக் காணோம் என்றேன். அது என் இடுப்பில்தான் தொங்கியது, அவளே இழுத்துக்கொண்டாள். பக்கத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்தாள், இருமல் வரும்வரை.

"அவசரக்குடுக்கை! என்னைக் கொன்னே போட்டியா? சரி விடு, ஒரு கோடு போட்டு அடிச்சுடு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. வேதப்புத்தகத்தில் பொய்யும் இருக்கக் கூடாது, கிறுக்கலும் இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. நான் எழுதிய தேதியும் அன்று ராத்திரிவரைதான் செல்லும்.

ஐந்தரைக்குத் தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள். எடுத்து அவள் முகத்தில் வைத்து அழுத்தினேன். நோஞ்சான் உடம்பு, அதிக நேரம் ஆகவில்லை. டாக்டர் வந்து, "நான்தான் சொன்னேனே" என்றார். அவருக்கும் திருப்தி. அக்கா மகள்தான், உட்கார்ந்து டீ குடித்தவள் எப்படிச் செத்தாள் என்று ஊரைக் கூட்டினாள்.

ஒரு கோடு போட்டிருக்கலாமே என்கிறீர்கள். வாய்க்குச் சுலபம். அக்கா மேல் எனக்கு உயிர், ஐயா. அவள் பெயர்மேல் கோடு போட யாருக்குத்தான் மனசு வரும்?