கீழே இறங்கும் அஸ்திவாரம்

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் வீட்டுப் பிளான் வரையும் பெண் ஒருத்தி, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். எதிர் வரிசையில் வீடு கட்டப்போகிற பெரியவர்.

“அண்ணாச்சி, ஒங்க அஸ்திவாரம் தானா கீழ இறங்குது.”

“இன்னும் குழியே தோண்டலையேம்மா?”

“கம்ப்யூட்டர்லதான். மனை சரிவுல்லா, அதனால அஸ்திவாரத்தைப் படிக்கட்டு மாதிரி இறக்கி வரையுதேன். கடைசிப் படி மட்டும் காலையில பாத்தா ஆழமாப் போயிருக்கு. சரி பண்ணுனா மறுநாளும் அப்படியே போயிருது.”

“எந்த மூலையில?”

“ஓடைப் பக்கம்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே காய்ந்து வெடித்த கரிசலையே பார்த்தார்.

“அங்கன ஒரு கெணறு இருந்துச்சு. எந் தங்கச்சி சின்னதுல அதுல விழுந்து செத்தா. எங்கய்யா மண்ணு போட்டு மூடிட்டாவ. ஒங்கிட்ட நான் சொல்லவே இல்லையே.”

அவள் குரல் தாழ்ந்தது. “வீட்டை வேற பக்கம் தள்ளி வரையட்டுமா அண்ணாச்சி?”

“வேண்டாம்மா. படி இறங்குனா இறங்கட்டும். அவ ஏறி வாரதுக்கு மேல ஒரு வாசல் மட்டும் வச்சிரு.”