லுலுவுக்கு ஆகாத பழம்

— கதவைச் சாத்திட்டு உள்ள வா, ஸுலேகா. நிறைமாச வயித்தோட கழுதை மேல உக்காந்து வர்றே, தெருவே வேடிக்கை பாக்குது. துணிமணி எடுக்கத்தானே வந்தே?

— அதுக்கு வரலக்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நம்ம புருஷன் அத்மானி தொழுதுட்டு வர்றதுக்குள்ள சொல்லிடறேன்.

— சொல்லு கண்ணு. எனக்குக் குடுத்த பழத்துல விஷம் வச்சவ. உன் பேச்சையும் கேட்டுத்தான் வைப்போம்.

— சத்தியமா வைக்கலக்கா. நேத்து எங்க அம்மா வீட்டுக் கழுதைக்குக் கால்ல புண்ணு. கழுதை டாக்டர் ஓமாரி வந்தார். பேச்சோட பேச்சா, பூனை பழம் தின்னலாமான்னு கேட்டேன்.

— என்ன சொன்னார்?

— என்னைக்காவது ஒரு நாள், ஆசைக்கு, நகத்தளவு குடுக்கலாமாம். தர்பூசணின்னா விதை இல்லாம. பப்பாளின்னா தோலும் விதையும் எடுத்துட்டு. வாழைப்பழம் ஒரே ஒரு துணுக்கு. நீங்க லுலுவுக்குக் குடுப்பீங்களே, அச்சு அதே மாதிரி.

— பொம்பளை பெத்த பிள்ளைக்குப் பாக்கற பக்குவம் அது. எனக்குப் பெத்த பிள்ளை இல்லையே.

— ஆனா திராட்சை மட்டும் ஆகவே ஆகாதாம்க்கா. மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது, பூனைக்கு சிறுநீரகத்தையே கெடுத்துடுமாம். முதல்ல வாந்தி, அப்புறம் மூத்திரம் நின்னு போய், ரெண்டு மூணு நாள்ல உயிர் போயிடுமாம். லுலு அப்படித்தானே போச்சு?

— ம்.

— வெள்ளிக்கிழமை நான் உங்களுக்குக் கொண்டாந்த கொத்து, மொம்பாசா படகுல வந்தது. பாசத்துல நீங்க அதுக்கும் ரெண்டு குடுத்திருப்பீங்க. அது செத்ததும் பழத்துல விஷம்னு அவர்கிட்ட அழுதுட்டீங்க. உங்களைக் குத்தம் சொல்லலக்கா. இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

— அவரும் நின்ன நிலையில உனக்குத் தலாக் சொல்லிட்டார்.

— ஒரு தலாக்தானே. பிள்ளை பொறக்கறதுக்குள்ள மனசு மாறினா திருப்பிக் கூட்டிக்கலாம்னு காஜி சொல்றார். எனக்கு இருக்கறது இன்னும் மூணே வாரம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா.

— ஓமாரிகிட்ட எதுக்குக் கேக்கறேன்னு சொன்னியா?

— இல்லை.

— உங்க அம்மாகிட்ட?

— அவங்களுக்கும் தெரியாது. ரேஹெமா தன் பூனையைத் தானே கொன்னுட்டு இளையவ மேல பழி போட்டான்னு ஊர் பேசுமே. அந்த அசிங்கம் உங்களுக்கு வேண்டாம்னுதான் நேரா இங்க வந்தேன்.

— எவ்வளவு நல்லவ நீ. அதான் உன்னைக் கண்டாலே எனக்கு வயிறு எரியுது.

— அக்கா?

— பதினாறு வருஷமா தர்கா தர்காவா அலைஞ்சேன். நீ வந்த மூணாம் மாசம் வாந்தி எடுத்தே. அன்னைக்கு அவர் தெருவுக்கே அல்வா குடுத்தார். அதைக் கிண்டினது நான்.

— லுலு விஷயத்துக்கு வாங்கக்கா.

— அதுக்குத்தான் வர்றேன். பூனைக்கு இனிப்பு தெரியாது. திராட்சையை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. மீன் எண்ணெய்ல புரட்டி, ஒண்ணொண்ணா ஊட்டினேன். பாதிக் கொத்து போச்சு.

— தெரியாமத்தானே செஞ்சீங்க?

— நீ இப்ப ஒப்பிச்சியே, அதையெல்லாம் ஓமாரி போன நோன்பு மாசமே எனக்குச் சொல்லியாச்சு. திராட்சையையும் சேத்து.

— தெரிஞ்சேவா? உங்க மடியை விட்டு இறங்காதே அது. ரெண்டு நாள் துடிச்சுதே.

— பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அழுகை பொய்யில்லை.

— அவர் வரட்டும். நான் சொல்றேன். ஓமாரியையே கூட்டிட்டு வந்து நிறுத்தறேன்.

— நிறுத்து. அவர் நம்புவார், உன்னைத் திருப்பிக் கூட்டிக்கவும் செய்வார். பிள்ளையோட இங்கயே வா. பத்தியச் சாப்பாடு நான்தான் பொங்கிப் போடணும். லுலு ஒன்பது வருஷம் என் கழுத்துல தலை வச்சுத் தூங்கினவ, தங்கச்சி. நீ வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகல.