சரியான ரெசிஸ்டர்

கரியாலூரில் கடுக்காய் பொறுக்கும் வேலை முடிந்து, வெறும் வயிற்றோடு கள்ளக்குறிச்சி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வடக்கனந்தல் தாண்டியதும் இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. முன் சீட்டில் ஒரு கிடார்க்காரர், மடியில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதைப் பழுது பார்த்த மெக்கானிக்.

“நல்ல ரெசிஸ்டரப் போட்டு என் பொழப்பக் கெடுத்துட்டியேண்ணா!”

“ஒயரு மாத்தத்தான் தொறந்தேன். மீட்டர்ல நூறு ஓம் காட்ட வேண்டிய பழைய ரெசிஸ்டரு நூத்தி முப்பது காட்டுச்சு. வருசக்கணக்கா சூட்டுல கெடந்து ஏறிப்போச்சு. சும்மாவே மாத்திக் குடுத்தேன்பா.”

“அந்தத் தப்புலதாண்ணா சத்தம் கனமா, கரகரன்னு வந்துகினு இருந்துச்சி. அதக் கேட்டுத்தான் கச்சேரிக்காரரு சாயங்காலம் வந்து வாசிச்சுக் காட்டச் சொன்னாரு. புடிச்சிருந்தா சேத்துக்குவாரு. இப்ப ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா கீது. பழச இன்னா பண்ண?”

“குப்பையில போட்டேன்.”

மெக்கானிக் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

“புதுசோட இன்னொரு முப்பதச் சேத்துப் பத்தவச்சா நூத்தி முப்பது வந்துடும். டவுன்ல ரேடியோ கடைக்காரரு தெரிஞ்சவருதான்.”

“அதே சத்தம் வருமா?”

“மீட்டருக்கு வரும். காதுக்கு வருமான்னு வாசிச்சாதான் தெரியும்.”

“வரலன்னா?”

“நானும் கூட வரேன். பையன் வாசிப்புல குத்தமில்ல, பெட்டியக் கெடுத்தவன் நான்னு கச்சேரிக்காரருகிட்ட சொல்றேன். எறங்கு, நடப்போம்.”

மெக்கானிக் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு மரத்தைத் தாண்டினார். பின்னால் போன கிடார்க்காரரின் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

“வழியில வேற எதையும் சரி பண்ணிடாதண்ணா.”