சொந்தக்காரர் கையெழுத்து

இல்லம்மா, நான் அவளுக்கு வீட்டுக்காரன் இல்ல. நான் பொண்ணும்மா. இந்தக் குரலக் கேட்டா யாருக்கும் அப்படித்தான் தோணும், பழகிடுச்சு. காலையில போன் பண்ணது நான்தான். அவ போன்ல வீடுன்னு ஒரே ஒரு நம்பர் இருந்துச்சு, அதான் அடிச்சேன். மொதல்ல உக்காருங்க. ஆறு மணி நேரம் பஸ்ல வந்து கால் வீங்கிக் கிடக்கு பாருங்க.

உக்காந்துக்கிட்டே இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து போட்டுடுங்கம்மா. மூணு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் கொடுத்திருக்காங்க, இப்பவே ரெண்டே கால். நானே போட்டிருப்பேன். நாலு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், அவளுக்குக் காய்ச்சல் வந்தா எனக்கு உடம்பு சுடும். ஆனா இவங்களுக்கு ரத்த சொந்தம்தான் வேணுமாம்.

பேரா? ஆமா, நீங்க வெச்ச பேர் இல்லதான். மகள்னு போட்டிருக்கு, அதுவும் சரிதான். அவ அடையாள அட்டையில இருக்கறத வெச்சு எழுதினாங்க. அய்யோ, அடிச்சுத் திருத்திடாதீங்க, அப்புறம் செல்லாது. நீங்க மகன்னே சொல்லிக்கோங்க, நான் குறுக்க வரல. பேப்பர் என்ன சொன்னா என்னம்மா, உள்ள படுத்திருக்கிறது நீங்க பெத்ததுதானே?

சொல்றேன், என்ன ஆச்சுன்னு சொல்றேன். கால்ல ரத்தம் கட்டி, அதுல ஒரு துண்டு நுரையீரல்ல போய் அடைச்சிருக்கு. அத எடுக்கணும். இல்லம்மா, பொண்ணா மாற ஆபரேஷன் பண்ணிக்கிட்டதால வந்தது இல்ல. சொல்லப் போனா நேர் எதிர். அவளுக்கு ரத்தம் கட்டுற உடம்பு. மாறுறவங்களுக்குன்னே இருந்த கிளினிக்ல டாக்டரம்மா அத ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு, உனக்கு ஹார்மோன் மாத்திரையே ஆகாது, ரத்தம் கட்டிடும், தோல்ல ஒட்டுற மருந்துப் பட்டைதான்னு கண்டிஷனா சொல்லி, மூணு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. அந்த கிளினிக்க மூடி அஞ்சு மாசம் ஆகுது. பட்டை எங்கயும் கிடைக்கல. யாரோ அந்த மாத்திரைய வித்தான், வாங்கி முழுங்கிட்டா. எனக்குத் தெரியாம. தெரிஞ்சா கத்துவேன்ல.

நாப்பது நாள் அந்தப் பூட்டின கேட்டு முன்னாடி உக்காந்தாம்மா. பகல்ல கண்ணாடிக் கடையில லென்ஸ் வெட்டுற வேலை, சாயங்காலம் கேட்டு. கையெழுத்து வாங்குறது, மனு எழுதுறது, அதிகாரி கார மறிக்கிறது. நாங்கல்லாம் அவள மைக்குன்னுதான் கூப்பிடுவோம். பேச ஆரம்பிச்சா ஒலிபெருக்கியே வேணாம், தெருக்கோடி வரைக்கும் கேக்கும். என்னது? வீட்டுல வாயே திறக்காதா? ஸ்கூல்ல ஊமைன்னு பேரா? இது எனக்குத் தெரியாதும்மா. அவ சொன்னதே இல்ல.

நானா? நான் லிஃப்ட் மெக்கானிக். அப்ப இருந்து இப்ப வரைக்கும் அதே வேலைதான். அப்பன்னா... சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. இருபத்திரண்டு வயசுல நான் ஆம்பளையா மாறணும்னு போனேன். அதே கிளினிக்தான், ஆனா அப்ப வேற டாக்டர். பத்து நிமிஷம். பேரு, வயசு, சரியா முடிவு பண்ணிட்டியா, பண்ணிட்டேன். அவ்வளவுதான். எனக்குள்ள என்ன பயம் இருந்துச்சு, சின்ன வயசுல என் வீட்டுல எனக்கு என்ன நடந்துச்சு, ஒருத்தர் கேக்கல. ஊசி போட்டாங்க, தாடி வந்துச்சு, குரல் உடைஞ்சுது. மார எடுத்தாங்க, வயித்துல இருந்தத எடுத்தாங்க. ஆறு வருஷம் ஓடுச்சு. ஒரு நாள் ஒரு லிஃப்டுக்கு மேல நின்னு கயிறு மாத்திக்கிட்டு இருக்கேன், திடீர்னு புரியுது, நான் தப்பிச்சு ஓடி வந்திருக்கேன், ஆனா இது என் வீடு இல்லன்னு. கீழ இறங்க ஒரு மணி நேரம் ஆச்சு.

அதான் சொல்றேனே, எனக்கு அது சரியா வரல. ஆனா அதுக்காக அவளுக்கும் அப்படின்னு நெனச்சிடாதீங்கம்மா. ஒரே வண்டியில ஏறினோம், எனக்கு அது ஊர் மாறின வண்டி, அவளுக்கு அதான் வீட்டுக்குப் போற வண்டி. அவ தூங்குற மூஞ்சிய நான் பாத்திருக்கேன். அப்படி ஒரு நிம்மதி.

மறுபடி பொண்ணாவே திரும்புறேன்னு சொன்னப்ப எங்க கூட்டத்துல பாதிப் பேர் என்னைப் பாத்தா தெரு மாறிப் போனாங்க. வெளிய சொல்லாத, நம்மள எதிர்க்கிறவனுங்க வாய்க்கு அவல் ஆயிடும்னாங்க. உங்க பொண்ணுதான், சரி, உங்க புள்ளதான், என் கையப் பிடிச்சு அதே கிளினிக்குக்கு இழுத்துட்டுப் போனா. போறவங்களுக்கு மட்டும் இல்ல, திரும்பி வர்றவங்களுக்கும் இங்கதான் வைத்தியம் பாக்கணும்னு டாக்டரம்மாகிட்ட சண்டை போட்டா. என் உடம்புல இனி எந்த ஹார்மோனும் தானா சுரக்காது, எனக்கும் அங்க இருந்துதான் மருந்து. ரெண்டு பக்கத்துக்கும் சேத்துத்தான் அவ கத்தினா.

ஆமாம்மா, அந்த வீடியோதான். கிளினிக்க மூடச் சொல்லி ஒரு கூட்டம் மனு போட்டப்ப அதுக்கு ஆதாரமா வெச்சது. நீங்க கூட அவளுக்கு அனுப்பினீங்களே. முகத்த மறைச்சுக்கிட்டு ஒரு பொண்ணு அழும். இவ திரும்பிட்டா, நீ எப்ப வருவன்னு கீழ எழுதியிருந்தீங்க. திட்டலம்மா, சத்தியமா அவ உங்களைத் திட்டல. வேலையில இருந்து ஓடி வந்து காட்டினா, பாருடி, எங்கம்மா எனக்கு எழுதியிருக்காங்கன்னு. அந்த ஒரு வரிய எத்தனை தடவை படிச்சிருப்பா தெரியுமா. அப்புறம் அந்த வீடியோவையும் முழுசாப் பாத்தா. பாவம், இந்தப் பொண்ணுக்கும் மருந்து நின்னு போயிருக்குமே, யாருன்னு தெரிஞ்சா நம்மகூட கூட்டிட்டு வந்துடலாம்னா.

அழாதீங்கம்மா. அப்புறம் அழலாம். மணி ரெண்டு நாப்பது. பேனா இந்தாங்க.

இங்க. உறவுமுறைன்னு இருக்கு பாருங்க, அங்க தாய்னு எழுதுங்க. அது எந்தப் பேருக்கும் பொருந்தும்ல. ஆங். கீழ தேதி. போதும்மா, போதும்.

சிஸ்டர், இந்தாங்க, போட்டாச்சு! அம்மாதான், பெத்த அம்மா. சீக்கிரம் சிஸ்டர்.

அதோ, தள்ளிக்கிட்டுப் போறாங்க. கையத் தொடுங்கம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, தொடுங்க.

கதவு சாத்திட்டாங்க. ரெண்டு மணி நேரம் ஆகும்னாங்க.

வேணாம்மா. எனக்கெல்லாம் கை எடுத்துக் கும்பிடாதீங்க. கூடப் பிறந்தவ மாதிரின்னு சொல்லாதீங்க, தயவு செஞ்சு சொல்லாதீங்க. அந்த வீடியோல மூஞ்சிய மறைச்சிருந்தது நான்தான். குரலயும் மாத்திட்டாங்க, அவளால கண்டுபிடிக்க முடியல. அந்த மனு போட்டவங்க எனக்கு ஒரு நாற்காலி போட்டாங்கம்மா. ரெண்டு மணி நேரம் கேட்டாங்க. அதுவரைக்கும் என்னை அப்படி யாரும் கேட்டதில்ல. கடைசியில, அந்த இடத்த மூடிடலாமான்னு கேட்டாங்க.

இல்ல, அவங்க எதையும் வெட்டி ஒட்டல. மூடுங்கன்னு நான்தான் சொன்னேன். அவ அன்னிக்கு எனக்கு மருந்து வாங்க வரிசையில நின்னுக்கிட்டு இருந்தா.

அவ கண்ணு முழிச்சதும் நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் என்னை இங்கிருந்து போகச் சொல்லிடாதீங்கம்மா.