ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே ஒரு நட்சத்திரமீன்

— உங்க பேரைப் போட வேணாம்னா எப்படி, செகுந்தோ அண்ணே? முங்கி எடுத்தது நீங்க. என் கடல் ஆராய்ச்சி அறிக்கையில ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சு போச்சு?

— பேரு எதுக்கு டாக்டரம்மா? யாரோ ஒரு மீனவன்னு போடுங்க. கோக்கிம்போ கரையில எங்களை மாதிரி ஆயிரம் பேரு.

— ஆனா இந்த நட்சத்திரமீனைக் கண்டது நீங்க ஒருத்தர்தானே! தெக்கே தூரத்துல சிலோயே தீவுப் பக்கம் குளிர் தண்ணியில கெடக்குற சாதி. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல வடக்கே, இங்க யாரும் பார்த்ததே இல்ல. நம்ம கரையில தண்ணி குளிர்ந்துக்கிட்டே வருதுன்னு நாலு வருஷமா கத்துறேன், ஒருத்தரும் நம்பல. மத்தியானம் இந்த அறிக்கை போனா நம்பித்தான் ஆகணும்.

— இன்னைக்கு மத்தியானமேவா? எலியானா, டாக்டரம்மாவுக்கு இன்னொரு டீ ஊத்து.

— ஊத்துறேன். நீ ஏன்யா இப்படி வேர்த்துக் கொட்டுறே?

— அடுப்புச் சூடு.

— டீ ஃப்ளாஸ்க்குல இருக்கு. அடுப்பை நான் இன்னும் பத்தவே வைக்கல.

— அண்ணே, என்ன விஷயம்? என்கிட்ட சொல்லுங்க.

— சொன்னா என் முங்குற லைசென்ஸைப் பிடுங்கிருவாங்க.

— யாரும் பிடுங்க மாட்டாங்க. சொல்லுங்க.

— அது தானா வரலம்மா. பஸ்ஸுல வந்துச்சு.

— என்னது?

— மூணு வருஷம் முன்ன நானும் இவளும் சிலோயேயில பொழைக்கப் போனோம்ல? அங்க ஒரு நாள் ஆழத்துலேருந்து சட்டுனு மேல வந்துட்டேன். ரத்தத்துல காத்துக் குமிழி அடைச்சு ரெண்டு காலும் விழுந்துருச்சு. படுக்கையிலயே நம்ம ஊரு மீனவச் சாமி சான் பெத்ரோவுக்கு நேந்துக்கிட்டேன். நடக்க வச்சிரு, உன் திருநாளுக்கு இந்தக் கடல் நட்சத்திரம் ஒண்ண உயிரோட கொண்டாந்து உன் காலடியில வைக்கிறேன்னு.

— நடந்தீங்க.

— நடந்தேன். நேந்ததை வெளிய சொன்னா பலிக்காதுன்னு இவகிட்டகூடச் சொல்லல. வேற கடல் உயிரைக் கொண்டாரக் கூடாதுன்னு சட்டம், அதனால ஐஸ் பெட்டியில ஒளிச்சு வச்சு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஐஸ் மாத்தி, இருபத்தாறு மணி நேரம். இவ பக்கத்து சீட்டுல சூப்புப் பானையை மடியில கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தா. பசிக்குதுடின்னு கெஞ்சினேன், ஒரு மடக்கு தரல.

— பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு?

— இங்க திருநாள் ஊர்வலம் முடிஞ்சதும் அதை என்ன பண்ணீங்க அண்ணே?

— சாமிக்கு வச்ச உயிரைக் கொல்லலாமா? வீட்டுக்கும் எடுத்துட்டுப் போகக் கூடாது. அங்கயே பாறை ஓரமா கடல்ல விட்டேன். முந்தாநாள் தண்ணிக்கடியில பார்த்ததும், அடேய் நீ இன்னும் இருக்கியான்னு சந்தோஷத்துல கல்லோட தூக்கிட்டு வந்துட்டேன். கரைக்கு வந்தா, கேமராவும் கையுமா நீங்க நிக்கிறீங்க.

— போச்சு. நாலு வருஷமும் போச்சு. நாலு பேர் முன்னால அசிங்கப்பட இருந்தேன். அழுகையா வருதண்ணே.

— மன்னிச்சிரும்மா. ரெண்டு நாளா கண்ணே மூடல.

— இருங்க, இருங்க. எத்தனை விட்டீங்க?

— ஒண்ணு. சான் பெத்ரோ சத்தியமா ஒண்ணே ஒண்ணு.

— அப்போ நட்சத்திரமீனைப் போட்டு வச்சிருக்கிற இந்த வாளிக்குள்ள பாருங்க. நீங்க தூக்கிட்டு வந்த கல்லுக்கு அடியில. நகத்தளவுல இருக்கே, தெரியுதா?

— அட, குட்டிங்க!

— ஒன்பது. அதே சாதி. ராத்திரி லென்ஸ் வச்சுப் பார்த்தேன். ஒத்தையா இருந்தா குட்டி வராதண்ணே, ஆணும் வேணும் பெண்ணும் வேணும். உங்க ஆளுக்கு இங்க ஜோடி இருந்திருக்கு! அந்த ஜோடி தானா வந்ததுதானே?

— அப்போ நான் எதையும் கெடுக்கலியா?

— கெடுக்கவே இல்ல! உங்க பஸ் கதையையும் பேர் சொல்லாம எழுதிடறேன். மணி என்ன? பதினொண்ணரையா? போதும், அனுப்பிடலாம். எலியானா அக்கா, அந்த டீயைக் கொடுங்க. அக்கா? ஏன் அப்படி நிக்கிறீங்க?

— அனுப்பிராதீங்கம்மா.

— ஏன்க்கா?

— யோவ், நீ கெடையா கெடந்தப்போ நேந்துக்கிட்டது நீ மட்டும்தானா? அந்தப் பானையில சூப்பு எங்கய்யா இருந்துச்சு? கடல் தண்ணியும் ஐஸும்ல இருந்துச்சு!